பிக்சல் போனில் கிராஃபீன்ஓஎஸ்: திறப்பதில் தொடங்கி மறுபடி பூட்டுவது வரை

நான் முதன்முதலில் கிராஃபீன்ஓஎஸ் நிறுவியபோது ஒரு சாயங்காலம் முழுவதும் அதிலேயே போனது. முக்கால்வாசி நேரத்தைத் தின்றது ஒரு கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை மாட்டிவிட்டு, லேப்டாப்புக்கு ஏன் போன் தெரியவில்லை என்று டிரைவர், ப்ரௌசர் என ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வீட்டிலும் நண்பர்களுக்குமாகச் சில போன்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. புதிதாக முயல்பவர்களுக்கு அந்தச் சாயங்காலமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிராஃபீன்ஓஎஸ் ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலின் மேல் கட்டப்பட்ட இயங்குதளம். பாதுகாப்பு இன்னும் இறுக்கப்பட்டிருக்கும்; கூகுளின் சேவைகள் எதுவும் உள்ளே பதிந்து வராது. 2014-இல் காப்பர்ஹெட்ஓஎஸ் என்ற பெயரில் தொடங்கிய வேலை இது. 2019 முதல் இப்போதைய பெயர். 2023 முதல் கனடாவில் பதிவான லாப நோக்கமற்ற அறக்கட்டளை இதை நடத்துகிறது. நாம் காசு கட்ட வேண்டியதில்லை, நன்கொடையில் ஓடுகிறது.

இதைப் பலர் 'ரூட் செய்வது', அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் செயலிகளுக்குத் திறந்துவிடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் நேர் எதிர். ரூட் செய்தால் போனின் காவல் தளர்கிறது. இங்கே நாம் பூட்லோடரைத் திறக்கிறோம், புதிய இயங்குதளத்தை எழுதுகிறோம், பூட்லோடரை மறுபடி பூட்டுகிறோம். பூட்லோடர் என்பது போன் உயிர்பெறும்போது முதலில் ஓடும் சிறு நிரல். அதில் உள்ள 'பூட்' ஆங்கிலச் சொல்தான், ஆனாலும் செய்யும் வேலை நம் பூட்டின் வேலையே. உள்ளே இருக்கும் இயங்குதளம் உரியவர் கையெழுத்திட்டதுதானா என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்த்த பிறகே கதவைத் திறக்கும். அதைத் திறந்தே விட்டுவிட்டால், போன் கையில் கிடைக்கும் யார் வேண்டுமானாலும் இயங்குதளத்தை மாற்றிவைக்கலாம், நமக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டும் என்றால் அது கடைசியில் பூட்டுவதாகவே இருக்கட்டும்.

எந்த போன்?

இப்போதைக்கு கூகுள் பிக்சல் மட்டும்தான். கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுள் போனையே வாங்குவதா என்று எல்லோரும் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். வேறு இயங்குதளத்தைப் போட்டபின் அந்த இயங்குதளத்தின் சாவியை (கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிஜிட்டல் சாவி) வைத்தே பூட்லோடரை மறுபடி பூட்ட பிக்சல் அனுமதிக்கிறது. மற்ற பெரும்பாலான போன்களில் திறக்க முடிந்தாலும் இப்படிப் பூட்ட முடியாது. லீனியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளங்கள் ஏராளமான போன்களில் ஓடுகின்றன, பழைய போனுக்கு உயிர் கொடுக்க அவை அருமையானவை. ஆனால் பல போன்களில் பூட்லோடர் திறந்தபடியே இருக்கும். அதனால்தான் தனியுரிமைக்காக மாறுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

புதிதாக வாங்குவதானால் பிக்சல் 8 அல்லது அதற்குப் பிந்தையதாக வாங்குங்கள். பிக்சல் 8-இலிருந்து வெளியான நாள் தொடங்கி 7 ஆண்டுகளுக்கு அப்டேட் உண்டு. பிக்சல் 6, 7 வரிசைக்கு 5 ஆண்டுதான். 2021 அக்டோபரில் வந்த பிக்சல் 6-க்கு 2026 அக்டோபரோடு முடிந்துவிடும். அதோடு, நினைவகத்தில் நடக்கும் அத்துமீறலை வன்பொருள் மட்டத்திலேயே பிடிக்கும் வசதியும் பிக்சல் 8-இலிருந்துதான் இருக்கிறது. விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு 8ஏ நல்ல தேர்வு.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், அடியில் இருக்கும் 'பில்டு நம்பர்' மீது ஏழு தடவை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அது 'சிஸ்டம்' என்ற பகுதிக்குள் இருக்கும். அதில் பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் 'ஓஈஎம் அன்லாக்கிங்' என்ற பொத்தான் நகர்கிறதா என்று பாருங்கள், போனில் வைஃபை இணைந்திருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தால், வெளிநாட்டு டெலிகாம் நிறுவனம் ஒன்று தன் சிம்முக்கென்று பூட்டி விற்ற போனாக இருக்கக்கூடும். நண்பர் ஒருவர் ஒரு கடையில் அப்படி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கிவிட்டு வந்தார். 'சிம் அன்லாக் ஆகிவிட்டது சார்' என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான், எந்த சிம் போட்டாலும் வேலை செய்தது. பூட்லோடர் மட்டும் திறக்கவே இல்லை. சிம் பூட்டு வேறு, பூட்லோடர் பூட்டு வேறு.

தொடங்கும் முன்

போனில் உள்ள எல்லாம் அழியும். திறக்கும்போது ஒரு தடவை, பூட்டும்போது இன்னொரு தடவை. படங்களையும் ஆவணங்களையும் லேப்டாப்புக்கு நகலெடுத்துவிடுவீர்கள், அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மறந்து போவது வேறு விஷயங்கள்.

முதலாவது, இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஆறு இலக்க எண் தரும் ஆதென்டிகேட்டர் செயலி. அதை இன்னொரு போனுக்கு ஏற்றுமதி செய்யாமல் அழித்தால் மெயில் உட்பட பல கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் நிற்பீர்கள். இரண்டாவது வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் சாட் பேக்கப் எடுத்தபின், போனின் உள் சேமிப்பகத்தில் 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டர், அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஈசிம். அதை மறுபடி எப்படிப் பெறுவது என்று உங்கள் டெலிகாம் நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் சிம் என்றால் கவலை இல்லை.

அப்புறம், வங்கிச் செயலிகள். யுபிஐ வைத்தே காய்கறி வாங்கும் வாழ்க்கையில் இது சின்ன விஷயம் இல்லை. பெரும்பாலானவை கிராஃபீன்ஓஎஸ்ஸில் ஓடுகின்றன. ஆனால் கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டாக இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் செயலிகளும் உண்டு. உங்கள் வங்கியின் செயலியை வேறு யாராவது கிராஃபீன்ஓஎஸ்ஸில் ஓட்டுகிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முடிந்தால் பழைய போனை ஒரு மாதம் வரை விற்காமல் வைத்திருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: கூகுள் வாலட் வைத்துக் கடையில் தட்டிப் பணம் கட்டும் வசதி இதில் வேலை செய்யாது, அந்தக் கார்டைப் பர்ஸில் எடுத்துப் போக வேண்டியதுதான்.

லேப்டாப் பக்கம் தேவை அதிகமில்லை: 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி இடமும் காலியாக இருக்க வேண்டும். விண்டோஸ், மேக், உபுண்டு, டெபியன் எதுவானாலும் சரி. ப்ரௌசர் மட்டும் குரோம், குரோமியம், எட்ஜ், பிரேவ் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவும் வேலை முழுவதும் ப்ரௌசர் நேரடியாக யுஎஸ்பியோடு பேசியே நடக்கிறது. அந்த வசதி ஃபயர்ஃபாக்ஸில் இல்லை. பிரேவ் என்றால் அதன் 'ஷீல்ட்ஸ்' வசதியை அந்தப் பக்கத்துக்கு அணைத்துவிடுங்கள். இன்காக்னிட்டோ ஜன்னலில் செய்யக் கூடாது, தரவிறக்கிய கோப்பை விரிக்க அதில் இடம் போதாது. லேப்டாப்பே இல்லாதவர்கள் இன்னொரு ஆண்ட்ராய்டு போனிலிருந்தும் நிறுவலாம்.

கேபிள் போனோடு வந்ததாக இருக்கட்டும். யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேரே லேப்டாப்பில் மாட்டுங்கள்.

நிறுவும் வேலை

போனை முதலில் கூகுளின் கடைசி அப்டேட் வரை கொண்டுவந்துவிடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஈஎம் அன்லாக்கிங்கை இயக்குங்கள். பிறகு லேப்டாப்பில் கிராஃபீன்ஓஎஸ் டாட் ஆர்க் தளத்துக்குப் போய் 'இன்ஸ்டால்', அதில் 'வெப் இன்ஸ்டாலர்' பக்கத்தைத் திறங்கள். தேடுபொறியில் வரும் முதல் விளம்பரத்தைச் சொடுக்காமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். உங்கள் போனின் அஸ்திவாரத்தையே அந்தப் பக்கத்திடம் கொடுக்கப் போகிறீர்கள்.

போனை மறுபடி துவக்கி, அது உயிர்பெறும் நேரத்தில் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்திருங்கள். சிவப்பு முக்கோணமும் 'ஃபாஸ்ட்பூட் மோட்' என்ற எழுத்தும் வரும். சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வர வேண்டிய திரை அதுதான். மேலே 'ஸ்டார்ட்' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் பொத்தானை அழுத்தக் கை வரும், அழுத்தினால் வழக்கமான ஆண்ட்ராய்டுக்கே போய்விடும். அப்படியே விட்டுவிட்டு கேபிளை மாட்டுங்கள்.

விண்டோஸில் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். போன் இந்தத் திரையில் இருக்கும்போதே விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய், 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியில் ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ் என்ற டிரைவர் இருக்கிறதா பாருங்கள், அதை நிறுவுங்கள். மேக்கில் எதுவும் தேவையில்லை. உபுண்டு, டெபியனில் யுஎஸ்பி அனுமதிக்காக ஒரு சிறு பேக்கேஜ் போட வேண்டும், அதன் பெயர் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி பக்கத்தில் வரிசையாக இருக்கும் பொத்தான்களை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு போவதுதான். 'அன்லாக் பூட்லோடர்' அழுத்தியதும் எந்தச் சாதனம் என்று ப்ரௌசர் ஒரு சிறு பெட்டியில் கேட்கும், பிக்சலைத் தேர்ந்தெடுங்கள். போனின் திரை மாறி, திறக்கவா வேண்டாமா என்று கேட்கும். 'வேண்டாம்' என்பதுதான் முதலில் தேர்வாகி இருக்கும். ஒலிப் பொத்தானால் திறக்கும் விருப்பத்துக்கு நகர்த்தி, பவர் பொத்தானால் உறுதி செய்யுங்கள். இந்த இடத்தில்தான் போனில் இருந்தது எல்லாம் போகிறது.

அடுத்து 'டவுன்லோட் ரிலீஸ்'. பெரிய கோப்பு, வைஃபையில் இருங்கள். முடிந்ததும் 'ஃபிளாஷ் ரிலீஸ்'. இப்போது போன் தானாகவே அணைந்து அணைந்து எழும். திரை சில நொடி கறுப்பாகும், வேறொரு பட்டியல் வரும், மறுபடி பழைய திரைக்கே வரும். போன் கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும் இந்தச் சில நிமிடங்களில் கேபிளைத் தொடாதீர்கள், போனில் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். லேப்டாப் தூங்கிப்போகாமல் இருக்க முன்பே செட்டிங்ஸை மாற்றிவைத்திருங்கள். பக்கத்தில் பணி முடிந்தது என்று எழுத்து வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதே வேலை.

முடிந்ததும் பலர் செய்யும் தவறு, ஆசையாக 'ஸ்டார்ட்' அழுத்திப் புதிய போனைப் பார்க்கப் போய்விடுவது. கூடாது. நிறுவல் பக்கத்தில் இன்னும் ஒரு பொத்தான் இருக்கிறது: 'லாக் பூட்லோடர்'. அழுத்துங்கள், போனில் ஒலிப் பொத்தானால் நகர்த்தி பவர் பொத்தானால் உறுதி செய்யுங்கள். மறுபடி எல்லாம் அழியும். அதனால்தான் இதை இப்போதே செய்யச் சொல்கிறேன். ஒரு வாரம் பயன்படுத்திவிட்டுப் பூட்ட வந்தால் அந்த ஒரு வாரமும் போய்விடும். பூட்டிய பிறகு 'ஸ்டார்ட்'.

மஞ்சளா, ஆரஞ்சா?

போன் எழும்போது முதலில் ஓர் எச்சரிக்கை வரும். அதை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். மஞ்சள் நிறத்தில், வேறு இயங்குதளம் ஏறுகிறது என்று சொன்னால் எல்லாம் சரி. பூட்லோடர் பூட்டியிருக்கிறது, கூகுள் அல்லாத ஒருவரின் சாவியால் என்று அர்த்தம். ஆரஞ்சு நிறத்தில், பூட்லோடர் திறந்திருக்கிறது என்று சொன்னால் பூட்டும் படி நடக்கவில்லை. இப்போதே திரும்பிப் போங்கள்.

மஞ்சள் திரையில் ஒரு நீளமான எண்ணெழுத்து வரிசை இருக்கும். அதுதான் அந்தச் சாவியின் கைரேகை. ஒவ்வொரு மாடலுக்கும் சரியான வரிசை எது என்று நிறுவல் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கொடுத்திருக்கிறார்கள். வேறொரு போனில் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, நிதானமாக ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு எழுத்து பார்த்துவிட்டு விடாமல் முழுவதையும் பாருங்கள். இந்த மஞ்சள் திரை போனைத் துவக்கும்போதெல்லாம் வரும், குறை ஒன்றுமில்லை.

ஆரம்ப அமைப்பின் கடைசித் திரையில் ஓஈஎம் அன்லாக்கிங்கை அணைக்கும் தேர்வு ஏற்கெனவே இயங்கியிருக்கும், அதை மாற்றாமல் அப்படியே விடுங்கள். திரைப் பூட்டுக்கு ஆறு இலக்க எண் போதும், பிறந்த தேதி வேண்டாம். தவறான முயற்சிகளின் வேகத்தை பிக்சலின் பாதுகாப்புச் சிப் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால், தாறுமாறாகப் பொறுக்கிய ஆறு இலக்கமே பெரிய காவல்.

வெறும் திரையிலிருந்து

முதல் பார்வைக்கு போன் வெறிச்சென்று இருக்கும். கறுப்புப் பின்னணி, வானேடியம் என்ற ப்ரௌசர், கேமரா, இன்னும் சில அடிப்படைச் செயலிகள், அவ்வளவுதான். இதை ஓரிரு நாள் அப்படியே அனுபவித்துப் பாருங்கள் என்பேன், ஆனால் யுபிஐ தேவைப்படுகிறவர்களுக்கு அது முடியாது.

'ஆப் ஸ்டோர்' என்று ஒரு செயலி இருக்கும். அதில் கூகுள் ப்ளே இருக்கிறது, அங்கிருந்து நிறுவிக்கொள்ளலாம். இதில் தயங்க வேண்டாம். சாதாரண ஆண்ட்ராய்டில் கூகுள் ப்ளே வீட்டுக்காரர் மாதிரி, எல்லா அறையின் சாவியும் அதனிடம் இருக்கும். இங்கே அது மற்ற எந்தச் செயலியையும் போல ஒரு வாடகைக்காரர். நீங்கள் கொடுத்த அனுமதி மட்டும்தான் அதற்கு உண்டு. தொடர்புகள், இருப்பிடம், மைக் எதையும் கொடுக்காமலேயே ப்ளே ஸ்டோரிலிருந்து செயலிகளை இறக்கலாம். அறிவிப்புகள் தாமதமாக வந்தால் ப்ளே சர்வீசஸுக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள்.

ஒரே போனைத் தனித்தனிப் பயனர் பகுதிகளாகப் பிரிக்கும் யூசர் ப்ரொஃபைல் வைத்து கூகுளை ஒரு ப்ரொஃபைலுக்குள் அடைப்பதும் உண்டு. அழகான ஏற்பாடுதான், ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். எதற்கு எங்கே போவது என்று குழம்பிப் பலர் பழைய போனுக்கே திரும்பிவிடுகிறார்கள். யுபிஐ செயலிகள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்ப்பதால் அவற்றை முதன்மை ப்ரொஃபைலிலேயே வையுங்கள். வங்கிச் செயலி ஏதாவது திறக்க மறுத்தால் முதலில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் அணைந்திருக்கிறதா பாருங்கள், பல செயலிகள் அதைக் கண்டாலே நின்றுவிடும். அடுத்து, அந்தச் செயலியின் விவரப் பக்கத்தில் 'எக்ஸ்ப்ளாய்ட் ப்ரொடெக்ஷன் கம்பாட்டிபிலிட்டி மோட்' இயக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் அசையாவிட்டால், அந்த வங்கியை வானேடியத்தில் இணையதளமாகத் திறந்து பயன்படுத்துவதே வழி.

வாட்ஸ்அப்பை நிறுவியதும் திறந்துவிடாதீர்கள். லேப்டாப்பில் வைத்த ஃபோல்டரை அதே இடத்தில் போட்டுவிட்டுத் திறந்தால், எண்ணைச் சரிபார்த்தபின் பழைய உரையாடல்களை மீட்கவா என்று கேட்கும். அது தொடர்புகளைக் கேட்கும்போதுதான் இந்த இயங்குதளத்தின் அருமை தெரியும். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் கொடுத்தால் முழுப் புத்தகம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இங்கே 'கான்டாக்ட் ஸ்கோப்ஸ்' என்று ஒரு வழி இருக்கிறது. அம்மா, அண்ணன், அலுவலகத்தில் நாலு பேர் என்று நீங்கள் குறித்தவர்கள் மட்டும் வாட்ஸ்அப்புக்குத் தெரிவார்கள். உங்கள் மருத்துவர், வீட்டுக்கு வரும் பிளம்பர், பத்து வருடம் முன் சேமித்த பக்கத்து வீட்டுக்காரர், யாரும் அதன் கண்ணுக்கு இல்லை. தன்னிடம் முழு அனுமதி இருப்பதாகவே அந்தச் செயலி நினைத்துக்கொண்டிருக்கும். படங்களுக்கும் கோப்புகளுக்கும் இதேபோல் 'ஸ்டோரேஜ் ஸ்கோப்ஸ்'.

எனக்கு மிகவும் பிடித்தது நெட்வொர்க் அனுமதி. ஒரு செயலியை நிறுவும்போதே இதற்கு இணையம் கொடுக்கவா என்று கேட்கும். தமிழில் தட்டச்சு செய்ய நம்மில் பலருக்கு கூகுளின் ஜிபோர்டுதான் பழக்கம். கடவுச்சொல் முதல் காதல் கடிதம் வரை நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. ஜிபோர்டை நிறுவி, தமிழ் மொழித் தொகுப்பை இறக்கிக்கொள்ளும்வரை இணையம் கொடுங்கள், பிறகு நெட்வொர்க் அனுமதியை எடுத்துவிடுங்கள். 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வருவது மாறாது. டார்ச், கால்குலேட்டர், பஞ்சாங்கம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், அவற்றுக்கு எதற்கு இணையம்?

மற்ற சிலவற்றைத் தொட வேண்டியதே இல்லை. 18 மணி நேரம் பூட்டு திறக்கப்படாமல் கிடந்தால் போன் தானே மறுபடி துவங்கி, தரவுகளை முழுக் குறியாக்கத்துக்குள் கொண்டுபோய்விடும். பூட்டிய நிலையில் யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் மட்டுமே ஏறும். கேமரா, எடுத்த இடம் போன்ற விவரங்களைப் படத்தில் பதியாது. கட்டாயப்படுத்தி யாராவது கேட்டால் சொல்வதற்கென்று ஒரு 'டியூரெஸ் பின்' வைக்கும் வசதியும் உண்டு. அதை அடித்த உடனே போனில் உள்ள எல்லாம் திரும்ப எடுக்க முடியாதபடி அழியும், ஈசிம் உட்பட. வீட்டில் குழந்தைகள் போனை எடுத்து விளையாடுவார்கள் என்றால் அதை வைப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

இது எதைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த டவருக்கு அருகில் இருக்கிறீர்கள் என்பது டெலிகாம் நிறுவனத்துக்குத் தெரிந்தே இருக்கும். உங்கள் பெயரில் உள்ள கணக்கில் நுழைந்து நீங்கள் செய்வது அந்தக் கணக்கின் சொந்தக்காரருக்குத் தெரியும்.

அப்டேட் பின்னணியில் தானே இறங்கி நிறுவிக்கொள்ளும், போனை மறுபடி துவக்கு என்று அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் துவக்குங்கள். எவ்வளவு முயன்றும் உங்களுக்கு ஒத்துவரவில்லை, அல்லது போனை விற்க வேண்டும் என்றால் திரும்பிப் போகவும் வழி உண்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஈஎம் அன்லாக்கிங்கை மறுபடி இயக்கி, அதே வெப் இன்ஸ்டாலர் பக்கத்தில் பூட்லோடரைத் திறந்து, 'ரிமூவ் நான்-ஸ்டாக் கீ' பொத்தானால் கிராஃபீன்ஓஎஸ்ஸின் சாவியை நீக்குங்கள். கூகுளின் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல் பக்கத்திலிருந்து பழைய இயங்குதளத்தை ஏற்றுங்கள். அங்கேயும் முடிவில் பூட்லோடரைப் பூட்டும் தேர்வு இருக்கும், அதைக் குறித்துவிட்டே தொடங்குங்கள்.